கடல் மீனைத் தின்னும் குளத்து மீனும், நமது கடலைப் பிண்ணாக்கும்

பண்ணைக் குளங்களில் வளரும் மீனுக்கும் இறாலுக்கும் எதைத் தீனியாக இடுவது என்பது குளத்துக்கு உடையவர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். தறியில் உட்காருகிறவருக்கும் வேர்க்கடலை பயிரிடுகிறவருக்கும் அதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. எளாவூர் வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு இக்கேள்வி வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புகுளம் வழியாகப் போனால் பழவேற்காட்டு ஏரி. மேற்கே ஊத்துக்கோட்டைப் பக்கம் வேர்க்கடலை விளையும் நிலங்கள். இரண்டுக்கும் நடுவில் நெல்லூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை. இறால் குளங்கள் மலிந்த நெல்லூர்ச் சீமைக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் லாரிகள் நமது சோதனைச் சாவடியைக் கடந்தே போகின்றன. கடலின் மீனும் கொல்லையின் கடலையும் ஒன்றையொன்று பாதிக்கும் காலம் வந்துவிட்டது. அப்பாதிப்பு நமக்கு நன்மையாக முடியுமா, தீமையாக முடியுமா என்பதே ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் மீன் தூள் என்பது என்ன என்று சொல்லிவிடுவோம். கோழிப் பண்ணைக்காரர்கள் கருவாட்டுத் தூள் என்று சொல்வதும் ஏறக்குறைய இதுவே. சிறு மீன்களை வேகவைத்து, எண்ணெயும் நீரும் பிழிந்தெடுத்து, எஞ்சியதை உலர்த்தி அரைத்தால் மீன் தூள் கிடைக்கும். நல்ல மீன் தூளில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை புரதம் இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். உலகம் முழுவதிலும் 2022-ஆம் ஆண்டில் மீன் தூளுக்கும் மீன் எண்ணெய்க்குமாகச் செலவான மீன் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையோரம் பிடிபடும் நெத்திலி இன மீனே இதில் பெரும் பங்கு. நமது நாட்டில் மங்களூர்க் கரையிலும் மற்ற மேற்குக் கரை ஊர்களிலும் மத்தி மீனை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. நமது தென்கரையோரத்தில் வலையில் சிக்கும் கழிவு மீனைச் சங்காயம் என்பார்கள். அதுவும் உலர்த்தப்பட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் வனாமி இறாலை வளர்த்தெடுக்கச் சுமார் 1,400 கிலோ தீவனம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தீவனத்தில் நூற்றுக்கு 15 பங்கு மீன் தூளானால், 210 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ மீன் வீதம், 945 கிலோ கடல் மீன். அதாவது ஒரு டன் இறாலுக்கு ஏறக்குறைய ஒரு டன் மீன். ஆலைக்கு ஆலை விகிதம் மாறும். மீன் தூள் 10 பங்காகக் குறைந்தால் கடல் மீன் 630 கிலோவாகும். தலையும் குடலுமாகிய மீன் கழிவிலிருந்து அரைத்த தூளானால் இந்தக் கணக்கு பொருந்தாது. இருந்தாலும், மீன் வளர்ப்பதால் கடலில் பிடிக்க வேண்டிய மீன் குறையும் என்று மேடைகளில் பேசப்படுவதைக் கேட்கும் அன்பர்கள், இந்த எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

அரைபடுவது எந்த மீன் என்பதையும் கவனிக்க வேண்டும். வஞ்சிரமும் வவ்வாலும் ஆலைக்குப் போவதில்லை. போவது மத்தி, கவலை, நெத்திலி போன்றவை. கூலிக்காரரும் நெசவாளரும் சிறு குடியானவரும் வாங்கக்கூடிய மீன்கள். கவலை என்று பெயரிட்ட நமது முன்னோர் எதை எண்ணி அப்பெயரை வைத்தார்களோ தெரியவில்லை. இன்று அப்பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மாரிடேனியா, செனகல், காம்பியா ஆகிய நாடுகளின் கரையோரத்தில் இதே கவலை இனத்து மீன் ஏழைகளின் அன்றாட உணவு. அங்கே மீன் தூள் ஆலைகள் பெருகியதும், மீனைப் புகையிட்டு உலர்த்தி விற்றுப் பிழைத்த பெண்களுக்குச் சரக்குக் கிடைப்பது அரிதாயிற்று. ஆலை கொடுக்கும் விலையை அவர்களால் கொடுக்க முடியவில்லை. பழவேற்காட்டிலிருந்து கூடை சுமந்து வருகிற பெண்களை அறிந்த நமக்கு அந்த நிலைமை விளங்காமலிராது.

கேரளக் கரையில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் 3,297 டன்தான். கடலின் தட்பவெப்ப மாறுதலே இதற்கு முக்கியக் காரணம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆகவே ஆலைகளின்மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. ஆனால் விலைபோகாத சின்னஞ்சிறு குஞ்சுக்கும் வாங்குகிறவர் ஒருவர் கரையில் காத்திருந்தால், வலையின் கண் சிறுத்துக்கொண்டேதான் போகும். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று கேரள சர்க்கார் 2015-இல் விதி செய்ததற்கு இதுவே நியாயம். நமது கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீனவர் குடும்பங்கள் அந்த இரண்டு மாதத்துக் கஷ்டத்தைச் சகித்துக் காப்பாற்றும் குஞ்சுகள் தீவன மூட்டையாகிப் போகுமானால் அந்தத் தியாகத்துக்கு என்ன பலன்?

மீன் தூளுக்குப் பதிலாகத் தாவரப் புரதத்தைக் கொடுக்கலாம் என்பது மேல்நாட்டார் இன்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய சங்கதியன்று. தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சரிபாதி கலந்து கெண்டைக்கு இடுவது நமது நாட்டில் நெடுநாளைய வழக்கம். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஒரிஸ்ஸாவில் அங்குல் என்னுமிடத்தில், டாக்டர் ஹீராலால் சௌதுரியும் அவருடைய சகாக்களும் கெண்டையினங்களை ஊசி மருந்தின் உதவியால் முட்டையிடச் செய்து வெற்றி கண்டார்கள். அதன் பிறகுதான் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் வேண்டிய அளவு கிடைத்து நாடெங்கும் மீன் வளர்ப்புப் பரவியது. அவ்வாறு பரவியதெல்லாம் பெரும்பாலும் தவிட்டையும் பிண்ணாக்கையும் கொண்டே. ஆந்திரத்தில் கொல்லேறு வட்டாரத்துக் குளங்களில் இன்றைக்கும், அடியில் துளையிட்ட சாக்குகளில் எண்ணெய் எடுத்த தவிட்டையும் பிண்ணாக்கையும் நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன் வந்து சாக்கை முட்டி வேண்டியதைத் தின்றுவிட்டுப் போகிறது. அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்துக் கெளுத்திப் பண்ணைகளிலும் சோயா, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவையே பிரதானத் தீனி. வளர்ந்த மீனுக்கு மீன் தூள் அங்கே அநேகமாக இடுவதேயில்லை.

சிரமம் இறாலிடத்திலும் கொடுவாயிடத்திலும்தான். இவை மற்ற உயிர்களைத் தின்று பழகியவை. இவற்றுக்குப் பிண்ணாக்கு ஏன் போதவில்லை என்பதை நெசவாளர்களுக்கு எளிதில் விளக்கலாம். புரதம் என்பது ஒரே பொருளன்று. பல அமினோ அமிலங்கள் சேர்ந்து நெய்த துணி அது. பாவு எத்தனை கெஜம் நீண்டிருந்தாலும், ஊடைக்கு வேண்டிய நிறத்து நூல் தீர்ந்த இடத்தில் தறி நின்றுவிடும் அல்லவா? கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை இருந்தாலும், லைசின் என்ற அமிலம் மீன் தூளின் புரதத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். மெத்தியோனினும் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய உண்டு, லைசின் குறைவு. சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் போதாது. ஆகவே ஒரு பிண்ணாக்கின் குறையை இன்னொன்றால் நிரப்பி, மீதியைத் தொழிற்சாலையில் தயாராகும் அமிலங்களைக் கலந்து சரிக்கட்ட வேண்டும். இது தவிர, பிண்ணாக்கிலுள்ள பாஸ்பரஸின் பெரும் பகுதி பைட்டிக் அமிலத்தோடு பிணைந்து கிடப்பதால் மீனின் வயிற்றில் செரிக்காமல் வெளியேறிக் குளத்து நீரைப் பாழாக்குகிறது. அப்பிணைப்பை அவிழ்க்கும் பைட்டேஸ் என்னும் நொதியைத் தீவனத்தில் கலக்க வேண்டியிருக்கிறது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. அது பக்குவமாகச் சூடேற்றினால் போய்விடும்.

இத்தனை தடைகள் இருந்தும் காரியம் நடவாமல் இல்லை. நார்வே தேசத்துச் சால்மன் பண்ணைகளில் 1990-ஆம் ஆண்டு தீவனத்தில் நூற்றுக்கு 90 பங்கு கடலிலிருந்து வந்த பொருள். 2013-இல் அது 30 பங்காகக் குறைந்தது. சால்மன் நமது கொடுவாயைப் போலவே பிற மீனைத் தின்னும் மீன். சென்னையில் 1987-இல் ஸ்தாபிதமான மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தாரும் சோயா, கடலை, சூரியகாந்தி, கடுகுப் பிண்ணாக்குகளை ஒருவகைப் பூஞ்சையினால் புளிக்கவைத்து இறாலுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புளித்த பிண்ணாக்கில் நாரும், செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்களும் குறைகின்றன. புரதத்தின் விகிதம் சற்று உயர்கிறது. மாவைப் புளிக்கவைத்துப் பழகிய நமது பெண்மணிகளுக்கு இதன் தத்துவம் புதிதாக இராது. இந்நிலையத்தார் வனாமி பிளஸ் என்ற பெயரில் உள்நாட்டுப் பொருள்களைக் கொண்ட இறால் தீவனம் ஒன்றையும் உருவாக்கி, அம்முறையை ஆலைகளுக்கு அளித்து வருகிறார்கள்.

எல்லாப் பிண்ணாக்கும் மீனுக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். இலுப்பைப் பிண்ணாக்கு மீனைக் கொல்லும். குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள விரால் முதலிய பகை மீன்களை ஒழிக்க ஹெக்டேருக்கு 2,500 கிலோ வீதம் அதைப் போடுவது வழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு தணிந்து அதுவே குளத்துக்கு உரமாகிவிடுகிறது.

மீன் தூளுக்குப் பதில் தாவரப் புரதம் வரலாம், வரவும் வேண்டும். ஆனால் எந்தத் தாவரம், யாருடைய நிலத்தில் விளைந்தது என்று கேளாமல் அதை வரவேற்பது கூட்டுறவாளருக்கு அழகன்று. இன்று தீவன ஆலைகள் மீன் தூளைக் குறைக்கும் இடத்திலெல்லாம் சோயாவையே நிரப்புகின்றன. சோயாவோ மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும், அதைவிடப் பெருமளவு பிரேசிலிலும் அமெரிக்காவிலும் விளைவது. நமது ஜில்லாவில் சோயா பயிரிடுவார் அரிது. ஒரு பொருளையே நம்பியிருப்பதன் ஆபத்துக்குச் சரித்திரத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. பெரு நாட்டில் 1970-இல் 1 கோடியே 20 லட்சம் டன் நெத்திலி பிடிபட்டது. அதீத மீன்பிடிப்பும் 1972-இல் எல் நினோ என்ற கடல் வெப்பமும் சேர்ந்து, 1973-இல் அது 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. மீன் தூள் கிடைக்காமல் எல்லோரும் சோயாவைத் தேடியோட, சோயா விலை வானளாவியது. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்க சர்க்கார் சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டுவிட்டார்கள். ஜப்பான் திகைத்துப்போய், பின்னர் பிரேசிலில் சோயா சாகுபடியைப் பெருக்கப் பண உதவி செய்ய முன்வந்தது. அண்மையிலும் நாம் இதைக் கண்டோம். 2021-ஆம் ஆண்டு நமது நாட்டில் சோயாப் பிண்ணாக்கின் விலை ஏறிய ஏற்றத்தைத் தாங்க மாட்டாமல் கோழிப் பண்ணைக்காரர்கள் கூக்குரலிட, ஆகஸ்டு மாதத்தில் மத்திய சர்க்கார் 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அனுமதி தந்தார்கள். 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தீவனத்துக்கான மீன் தூளின் இறக்குமதித் தீர்வை 15 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அதே ஆண்டில் பெருவில் கடல் சூடேறி, முதல் பருவத்து நெத்திலிப் பிடிப்பே நிறுத்தப்பட்டது. கப்பல் வந்தால் தீவனம், இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில் குளத்துக்காரரை வைத்திருப்பதும், நமது கடலை வியாபாரி சொல்லும் விலைக்குப் போவதும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை.

ஆகவே கடலைப் பிண்ணாக்குக்குத் தீவனத்தில் அதற்குரிய இடம் கிடைக்க வேண்டும். அதற்கு முன், அதற்கு ஏன் அந்த இடம் கிடைக்கவில்லை என்பதை நாம் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். லைசின் குறைவு ஒரு காரணம். அதற்குப் பரிகாரம் உண்டு. ஆலைக்காரர்கள் நமது பிண்ணாக்கைக் கண்டு அஞ்சுவது பூஞ்சணத்துக்காக. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்ததில், அவை தின்ற தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்ததும், அதில் ஒரு பூஞ்சை கக்கிய நஞ்சு இருந்ததும் வெளிப்பட்டன. அந்நஞ்சுக்குத்தான் அப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்கு ஈரலில் புற்று கண்டது. நீலகிரி ஓடைகளில் காண்கிறோமே, அதே இனம். அங்கே குற்றவாளி பூஞ்சணம் பிடித்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. எல்லா மீனும் டிரவுட்டைப் போல நொய்ந்தவை அல்ல. கெளுத்தியினம் இந்நஞ்சை மிகுதியும் தாங்குகிறது. என்றாலும், ஐரோப்பிய நாடுகளில் தீவனப் பொருளில் இந்நஞ்சின் மிகக் கொடிய வகை கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது சட்டம். ஒரு கிலோ என்பது நூறு கோடி மைக்ரோகிராம் என்பதை நினைத்தால், கண்ணால் பார்த்தோ மூக்கால் முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க இயலாது என்பது விளங்கும். இறாலைப் புளிக்கவைத்த பிண்ணாக்கில் வளர்க்கிறார்கள் என்றோமே, அதற்குதவும் பூஞ்சையும் இந்த நஞ்சுப் பூஞ்சையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது விநோதம். ஒரு வயிற்றில் பிறந்தவர்களிலும் இப்படி உண்டு.

இந்த நஞ்சு ஆலையில் உண்டாவதன்று. பெரும்பாலும் நமது களத்தில் உண்டாவது. காய் முற்றும் தறுவாயில் மழையின்றிச் செடி வாடினால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சை பற்றுகிறது. ஆடிப் பட்டத்துக் கடலை ஐப்பசி அடைமழையில் அகப்பட்டுக்கொண்டு, பிடுங்கிய காய் நாட்கணக்கில் ஈரத்தோடு குவிந்து கிடந்தால் சொல்லவே வேண்டாம். மண்வெட்டியால் வெட்டுப்பட்ட காயும், பூச்சி துளைத்த காயும், சுருங்கிய சிறு பருப்புமே நஞ்சின் உறைவிடம். நல்ல பருப்பைத் தின்பதற்கும் விதைக்கும் பொறுக்கியெடுத்துவிட்டு, கழித்த பருப்பையெல்லாம் எண்ணெய்க்கு அனுப்புவது நமது வழக்கம். எண்ணெயை வடிகட்டிச் சுத்திகரிக்கையில் நஞ்சின் பெரும் பகுதி நீங்கிவிடுகிறது. பிண்ணாக்கில் அது அப்படியே தங்கிவிடுகிறது. மாட்டுக்கு அதை வைத்தால் பாலிலும் அதன் அம்சம் இறங்குகிறது. அந்தப் பாலை நமது குழந்தைகளே குடிக்கிறார்கள். ஆதலால் மீன் பண்ணைக்கு விற்கும் எண்ணமே இல்லாதவர்களும் இதில் அலட்சியமாக இருக்க முடியாது.

காயைக் காதருகே குலுக்கினால் பருப்புக் கலகலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும் என்பது நமது பெரியோர் கண்ட சோதனை. ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இல்லாமல் உலர்ந்த காயில் பூஞ்சை வளர்வதில்லை என்று இன்றைய நிபுணர் சொல்வதும் இதையே. வெறுந்தரையில் காயவைக்காமல் தார்ப்பாயில் காயவைப்பதும், நனைந்த சாக்கில் கட்டாமலிருப்பதும், மூட்டைகளைச் சுவரோடு சாய்க்காமல் பலகைமேல் அடுக்குவதும் பெரும் பொருட்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் ஒருவர் மட்டும் ஒழுங்காகச் செய்து பத்துப் பேர் செய்யாவிட்டால், வியாபாரியின் கிடங்கில் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒழுங்கானவருடைய உழைப்பும் வீணாகிவிடும். தரத்துக்கு விலை கொடுக்காத சந்தையில் தரம் வளராது. சங்கம் செய்யக்கூடியதும், தனி மனிதர் செய்ய முடியாததும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நூறு கிலோ பருப்பை ஆட்டினால் ஏறக்குறைய 40 முதல் 45 கிலோ வரை எண்ணெயும் மீதி பிண்ணாக்குமாகக் கிடைக்கும். காயாகவே விற்றுவிடுகிற குடியானவர், தமது மாட்டுக்கு அதே பிண்ணாக்கைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார். சங்கமே காயை வாங்கி, தரம் பிரித்து, செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டினால் எண்ணெய் அங்கத்தினர் வீட்டுக்கும், சோதித்துச் சான்று பெற்ற பிண்ணாக்கு மாட்டுக்கும் குளத்துக்கும் போகும். செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் மிகுதியாகத் தங்குவதால் அது சீக்கிரம் காறிப்போகும். மாதக்கணக்கில் அடுக்கிவைக்க ஆகாது என்பதையும் கவனித்துத் திட்டமிட வேண்டும். சோதனைக்கு வெகு தூரம் அலைய வேண்டியதில்லை. பொன்னேரியிலேயே டாக்டர் எம். ஜி. ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதன் பேராசிரியர்களை அணுகி யோசனை கேட்பதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

"மாட்டுக்கு இருக்கும் பிண்ணாக்கை மீனுக்குப் போட்டுவிட்டால் பால்காரர் கதி என்ன?" என்று நமது பால் சங்கத்து நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்வி. குளத்துக்காரர் கையில் ரொக்கம் இருக்கும். ஒரு மாடு வைத்திருக்கும் விதவையால் அவரோடு விலையில் போட்டியிட முடியாது. கடலில் ஏழையின் மீனைக் காப்பாற்றுகிறேன் என்று புறப்பட்டு, கரையில் ஏழையின் பசுவைப் பட்டினி போடுவது தருமமாகாது. ஆகையால் சங்கப் பிண்ணாக்கில் முதல் உரிமை அங்கத்தினர் மாடுகளுக்கு. மிஞ்சியதே குளத்துக்கு என்பது விதியாக இருக்க வேண்டும். அவரை, காராமணி, கொள்ளு போன்ற பயறுகளை அரைத்து மீனுக்கு இடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். லைசின் அவற்றில் உண்டு என்பது மெய். ஆயினும் மனிதர் தட்டிலேயே பருப்புப் போதாமலிருக்கும் நாட்டில் இந்த யோசனையை நாம் ஆதரிக்கமாட்டோம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று முதலிலேயே குறிப்பிட்டோம். பஞ்சு பிரித்த பிறகு மிஞ்சும் கொட்டையிலிருந்து வருவது பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. தோல் நீக்கி எடுத்த பிண்ணாக்கில் புரதம் கடலைக்கு அதிகம் குறையாது. அதிலுள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருள் லைசினைப் பிணைத்துக்கொள்வதால் அளவோடு சேர்க்க வேண்டும். பட்டு நூற்கும் இடங்களில் நூலெடுத்த பிறகு தங்கும் கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம். அது தாவரமன்று என்றாலும், கடலில் வலை போட்டுப் பிடித்ததுமன்று. ஜப்பானியர் முற்காலத்திலிருந்தே அதைக் கெண்டைக்கு இட்டு வளர்த்தார்கள்.

தீனியை மாற்றுவதைவிட, வளர்க்கும் மீனை மாற்றுவது எளிது என்பதையும் நமது வட்டாரத்து உவர்நீர்க் குளத்துக்காரர்கள் யோசிக்க வேண்டும். மடவையும் பால்கெண்டையும் பாசியையும் தாவரத் தீனியையும் தின்று உவர்நீரில் செழிப்பவை. பால்கெண்டைக் குஞ்சு முன்பெல்லாம் கடலோரத்தில் பிடித்தால்தான் உண்டு. மேலே சொன்ன உவர்நீர் ஆராய்ச்சி நிலையத்தார் 2015-இல் அதைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வெற்றி பெற்றார்கள். இறாலுக்குக் கிடைக்கும் விலை இவற்றுக்குக் கிடைக்காது என்பது உண்மை. அதேபோல் இறாலில் நேரும் நஷ்டமும் இவற்றில் நேராது. 1994-95-இல் வெண்புள்ளி நோய் வந்து கரையோரக் குளங்களெல்லாம் வெறுமையானதை மறந்திருக்கமாட்டீர்கள். அதன்பின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, பழவேற்காடு, சில்கா ஏரிகளின் கரையிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996 டிசம்பர் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததையும் நமது பகுதி நன்கறியும்.

தீவன ஆலைக்காரர்களிடத்தில் நாம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. சாக்கின்மேல் புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை, நார் இத்தனை என்று அச்சிடுகிறார்கள். அப்புரதத்தில் மீனிலிருந்து வந்தது எவ்வளவு, தாவரத்திலிருந்து வந்தது எவ்வளவு என்று பெரும்பாலும் அச்சிடுவதில்லை. ரசாயன சாலையில் நைட்ரஜனை அளந்து, அதைக் கொண்டே புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே மணலும் உப்பும் யூரியாவும் கலந்த மீன் தூள்கூடச் சோதனையில் தேறிவிடக்கூடும். தாவரப் புரதத்திலும் இந்த மோசடி நடந்ததுண்டு. 2007-இல் சீனத்திலிருந்து அமெரிக்கா சென்ற கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்ததனால் நாயும் பூனையும் ஏராளமாக மடிந்தன. மீன் தீவனத்திலும் அச்சரக்குச் சேர்ந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குளத்துக்காரரின் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. தாம் வாங்குவது இன்னதென்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. மூட்டையில் மூலப்பொருள் விகிதம் அச்சிடப்பட வேண்டும் என்று நமது சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டும்.

இதெல்லாம் சிறு சங்கத்தால் ஆகிற காரியமா என்று தயங்குகிறவர்களுக்கு, நமது ஜில்லாவிலேயே உள்ள திரூரை நினைவூட்டுகிறோம். கூட்டுறவுச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே பதிவான விவசாயக் கூட்டுறவு சங்கம் அவ்வூருடையது. சட்டம் வருவதற்கும் முன்பிருந்தே பழவேற்காட்டு ஏரியின் மீனவர்கள், மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையை நடத்தி வந்திருக்கிறார்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை இடுவது என்பதைத் தங்களுக்குள்ளேயே வகுத்துக்கொள்கிறார்கள். ஏரியை அப்படிப் பங்கிடத் தெரிந்தவர்களும் கடலை பயிரிடுகிறவர்களும் ஒரே மகாசபையில் அமர்ந்து பிண்ணாக்கைப் பற்றிப் பேசுவதில் அசாத்தியம் ஒன்றுமில்லை.

மார்கழிப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். அதற்குள் சங்கத்துக்கு ஈரமானி ஒன்றும், அங்கத்தினர்களுக்கு வாடகைக்குத் தரத் தார்ப்பாய்களும் வாங்கிவைப்பது முதல் வேலை. ஆட்டுவதற்குச் சொந்தச் செக்கா, வாடகை எக்ஸ்பெல்லரா என்பதைப் பின்னால் தீர்மானிக்கலாம். எத்தனை மூட்டை காய் சங்கத்துக்கு அளக்க முடியும், வீட்டு மாட்டுக்கு எவ்வளவு பிண்ணாக்கு வேண்டும் என்ற இரண்டு கணக்குகளையும் ஒவ்வொரு அங்கத்தினரும் தை மாத முடிவுக்குள் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.